ஒரே சஹன்

கல்யாண வீட்டில் கை கழுவிவிட்டு வந்த கொஞ்ச நேரத்தில் அஃப்ஸலுக்கு வயிற்றைப் பிடித்தது. மேல் வயிற்றில் தொடங்கி முதுகைத் துளைத்தது. மல்லாந்து படுத்தால் உயிர் போனது. குனிந்து முழங்காலைக் கட்டிக்கொண்டால் கொஞ்சம் திரும்பி வந்தது.

வாயு என்று சோடா கொடுத்தார்கள். அதையும் நெய்ச்சோற்றையும் சேர்த்து வாந்தி எடுத்த பிறகுதான் காயல்பட்டினத்திலிருந்து தூத்துக்குடிக்குக் கார் கிளம்பியது.

டாக்டர் ஜெபசுதா வயிற்றை அமுக்கிப் பார்த்துவிட்டு, பெயர் கேட்பதுபோல் கேட்டார். "குடிப்பியா தம்பி?"

அவன் வாயைத் திறப்பதற்குள் உம்மா பாஹிமா, மாமா பீர் முகம்மது, பெரியம்மா மகன் இல்யாஸ் மூவரும் ஒன்றாக "இல்ல" என்றார்கள். இல்யாஸின் சத்தம்தான் பெரிது.

"பிளஸ் டூ படிக்கிற புள்ள. அஞ்சு வக்தும் தொழுவான்," என்றார் மாமா. அதில் விடியற்காலை சுபுஹு சேராது.

"கணையம் வீங்கியிருக்கும்னு தோணுது. பெரும்பாலும் பித்தப்பைக் கல்லு, இல்லன்னா குடி. அதான் கேட்டேன். ரத்தத்துல லைப்பேஸ் பாப்போம், ஸ்கேன் எடுப்போம். மத்தியானம் என்ன சாப்பிட்டான்?"

"சாப்பாட்டுல ஒண்ணும் இல்ல டாக்டர்," என்றாள் உம்மா. "இவனும் இல்யாஸும் ஒரே சஹன்ல சாப்பிட்டானுவ. அவன் நல்லாத்தான நிக்கான்."

ஊர் விருந்தில் சஹன் என்கிற பெரிய தட்டைச் சுற்றி உட்கார்ந்து சேர்ந்துதான் சாப்பிடுவார்கள். கூடச் சாப்பிட்டவன் நிமிர்ந்து நின்றால் சாப்பாட்டின் மேல் குற்றம் கிடையாது. நிமிர்ந்து நின்ற இல்யாஸ் ஒரு கையால் தன் வயிற்றைத் தடவிக்கொண்டிருந்தான்.

லைப்பேஸ் இருக்க வேண்டியதைவிடப் பல மடங்கு இருந்தது. ஸ்கேனில் கணையம் வீங்கியிருந்தது. பித்தப்பையில் கல் இல்லை.

கல் இல்லை என்றதும் உம்மா அல்ஹம்துலில்லாஹ் என்றாள். அஃப்ஸல் சொல்லவில்லை. டாக்டர் சொன்னது இரண்டு காரணம். ஒன்று போய்விட்டது. சொல்லாவிட்டால் வைத்தியம் தப்பாகிச் சாவான். சொன்னால் உம்மா இருக்கிறாள்.

வார்டில் விளக்கை அணைத்தார்கள். கையில் டிரிப்ஸ், வாயில் ஒரு சொட்டுத் தண்ணீர் கூடாது. கட்டிலுக்குக் கீழே பாய் விரித்து உம்மா தஸ்பீஹ் மணி உருட்டிக்கொண்டிருந்தாள். பக்கத்து ஸ்டூலில் அவன் அக்கா ருஷ்தா.

"லாத்தா, நான் மௌத்தாயிருவனா?"

"சாவல்லாம் மாட்ட. பேசாம படு."

"டாக்டர்ட்ட ஒண்ணு சொல்லணும். நீ சொல்லு. முந்தாநேத்து முத்துநகர் பீச்சுல, காருக்குள்ள வச்சு, பீரு குடிச்சேன்."

ருஷ்தா கொஞ்சம் குனிந்தாள். "எவ்வளவு?"

"அரை பாட்டில். கசந்துச்சு. மிச்சத்த இல்யாஸ் காக்காதான் குடிச்சாரு."

"அதான் அவன் அப்பவே புடிச்சு வயித்தத் தடவுதானா?"

கட்டிலுக்குக் கீழே மணிச்சத்தம் நின்றது. பிறகு மறுபடி கேட்டது, முன்னைவிட வேகமாக.

காலையில் ருஷ்தா வராந்தாவில் டாக்டரைப் பிடித்துச் சொன்னாள். டாக்டர் உள்ளே வரும்போது கையில் ஒரு சின்ன ரத்தக்குழாய் இருந்தது. அடியில் சிவப்பு. மேலே தேங்காய்ப்பால் ஊற்றினதுபோல் வெள்ளை.

"இதான் காரணம். கொழுப்பு. சில பேருக்குப் பிறவியிலயே உடம்பு இதக் கரைக்காது. ஏற்கனவே ஏறியிருந்திருக்கு. நெய்ச்சோறும் கறியும் விழுந்ததும் தாங்கல." அஃப்ஸலைப் பார்த்தார். "வேற எதையும் நெனச்சுப் பயப்படாத. அதுனால வரல."

"இவன் வாப்பாவும் ஜித்தாவுல இப்பிடித்தான் சுருண்டு கெடந்தாரு," என்றார் மாமா. "பேரீச்சம்பழம் சேரலன்னாவ."

"ஒரே சஹன் டாக்டர்," என்றாள் உம்மா விடாமல்.

"தட்டு ஒண்ணுதாம்மா. ரத்தம் வேற. அவுங்க அப்பாவும் அங்க டெஸ்ட் எடுக்கட்டும். நீங்களும் அக்காவும் இன்னைக்கே குடுங்க."

நர்ஸ் ஊசியோடு வந்தாள். உம்மா கை நீட்டினாள், ருஷ்தா நீட்டினாள். பிறகு உம்மா வாசலைப் பார்த்தாள்.

"ஏலே இல்யாஸு, நீயும் கைய நீட்டு."

"எனக்கு எதுக்கு சாச்சி?"

"அவருக்கு வேண்டியதில்லம்மா," என்றார் டாக்டர்.

"எடுங்க டாக்டர். பெரிய ஊசியா இருந்தா அதையே எடுங்க. பீச்சுல காருக்குள்ள பாதிப் பாதி குடிச்சானுவல்லா, குத்தும் பாதிப் பாதி வாங்கட்டும்."

மாமா ஜன்னல் வழியாக வெளியே பார்க்கத் தொடங்கினார். இல்யாஸ் சட்டைக் கையைச் சுருட்டினான். அஃப்ஸல் போர்வையை மூக்கு வரைக்கும் இழுத்தான்.

உம்மா அதைக் கீழே இழுத்துவிட்டாள். "மொதல்ல எந்திச்சு நடலே. உனக்கு வீட்ல வச்சிருக்கு."