ஆலுவா வீட்டுக்குப் போன சட்டி

பொன்மணி கோட்டைக்கொச்சியில் ஒரு தங்கும் விடுதியில் சமையல் செய்துகொண்டிருந்தாள். ஒரு மழைக்காலம் முழுவதும் அங்கே ஓர் அமெரிக்கக்காரி தங்கியிருந்தாள். ஊருக்குக் கிளம்பும்போது, தான் வாங்கி வைத்திருந்த ஸ்லோ குக்கரை, நாள் முழுக்க மெதுவாக வேகவைக்கும் கரண்டுச் சட்டியை, பொன்மணியிடமே கொடுத்தாள். அதில் பன்றி இறைச்சி வேகவைக்கும் விதத்தையும் காட்டிக்கொடுத்தாள். தோள்பட்டைத் துண்டை வெட்டாமல் முழுசாக வைக்க வேண்டும், அடியில் வெங்காயம், மேலே கோலா, கடையில் விற்கிற அந்தக் கறுப்புக் கலர். காலையில் மூடி வைத்தால் சாயங்காலம் இரண்டு முள்கரண்டியால் இழுத்ததுமே நார் நாராகப் பிரியும். பொன்மணி தன் பங்குக்குக் குறுமிளகும் காந்தாரி மிளகாயும் கொஞ்சம் வினிகரும் சேர்த்துப் பார்த்தாள். அதன் பிறகு விடுதிக்கு வருகிறவர்கள் அதைக் கேட்டு வாங்கிச் சாப்பிட ஆரம்பித்தார்கள்.

அரிந்து கொடுப்பதும் பாத்திரம் தேய்ப்பதும் முப்பிடாதி. சங்கரன்கோவில் பக்கம் இருவருக்கும் ஒரே ஊர். புருஷன் இறந்து போக்கிடமில்லாமல் நின்ற பொன்மணியைக் கொச்சிக்குக் கூட்டிவந்தவளே அவள்தான். பள்ளுருத்தியில் ஒரே அறையில் ஒரே அடுப்பில் பொங்கித் தின்றார்கள். "கறுப்புக் கலர ஊத்திக் கறி வைக்கவள உன்னத்தாம்ட்டி பாத்தேன்" என்று முதல் தடவை கேலி செய்தவள், அன்றைக்கே சட்டியை விரலால் வழித்துத் தின்றாள்.

ஒருநாள் ஸ்ரீநாத் என்பவர் விடுதிக்குச் சாப்பிட வந்தார். மட்டாஞ்சேரி பஜாரில் பழைய இஞ்சிக் கிடங்கு ஒன்றைச் சாப்பாட்டுக் கடையாக மாற்றிக்கொண்டிருந்தார். பன்னுக்குள் அந்த இறைச்சியை வைத்துத் தின்றுவிட்டு நேராக அடுக்களைக்கு வந்தார். "கடை திறக்கும்போ நிங்கள் ரெண்டாளும் அவ்விட வேலைக்கு வரணும்" என்றார். பொன்மணியின் போன் ரிப்பேரில் இருந்ததால் முப்பிடாதியின் நம்பரை வாங்கிக்கொண்டு போனார். அன்று முழுக்க இருவரும் அதையே பேசிக்கொண்டிருந்தார்கள். சொந்த வீடு கட்டப்போகிறவர்கள் மாதிரி, அடுப்பு எந்தப் பக்கம், ஜன்னல் எந்தப் பக்கம் என்று.

மாதம் இரண்டு கழிந்து முப்பிடாதி வந்து சொன்னாள்: "அந்தக் கட நடக்காதாம் பொன்மணி. அவரு போன் பண்ணுனாரு. கூட்டாளி பிரிஞ்சு போயிட்டாராம்."

பொன்மணிக்கு வருத்தம்தான். ஆனாலும் முப்பிடாதியைத்தான் தேற்றினாள். கொஞ்ச நாளில் முப்பிடாதி விடுதி வேலையையும் விட்டாள். ஆலுவாவில் ஒரு கிறிஸ்தவர் வீட்டில் வேலை கிடைத்திருக்கிறது, காலையில் பஸ்ஸில் போய் ராத்திரி அறைக்கே வந்துவிடுவேன் என்றாள். அங்கே பேரக்குழந்தைக்கு மாமோதீசா, பேர் வைக்கிற சடங்கு, நிறைய ஆட்கள் வருவார்கள், அந்தக் கரண்டுச் சட்டியைக் கொஞ்ச நாள் தர முடியுமா என்று கேட்டாள்.

பொன்மணி சட்டியை மட்டுமா கொடுத்தாள். அறையிலேயே ஒரு தடவை வைத்துக் காட்டினாள். "இனிப்பில்லாத கலர் வாங்கிராத, வெந்து முடிக்கையில கசக்கும். இறச்சியே தண்ணி விடும், அதனால பாதிக்கு மேல ஊத்தாத. பிச்சுப் போட்ட பொறவு மூடியத் திறந்து வத்த விடு" என்று ஒன்று விடாமல் சொன்னாள். முப்பிடாதி எல்லாவற்றுக்கும் தலையாட்டினாள். பெண் குழந்தை என்றதால், பொன்மணி பள்ளுருத்திக் கடையில் ரோஸ் நிறத்தில் சின்னக் கவுன் ஒன்று வாங்கிக் கொடுத்தனுப்பினாள். "அந்த அம்மாக்கு ரெம்பப் பிடிச்சிப்போச்சு" என்று முப்பிடாதி மறுநாள் வந்து சொன்னாள்.

விடுதிக்கு ஏலக்காயும் பட்டையும் வாங்க ஒரு வியாழக்கிழமை பொன்மணி மட்டாஞ்சேரி பஜாருக்குப் போனாள். சாக்குமூட்டை லாரிக்கு ஒதுங்கி நின்றபோது, இஞ்சி வாசனைக்கு நடுவே அந்த வாசனை வந்தது. வெங்காயமும் கோலாவும் கொழுப்பும் சேர்ந்து வற்றும்போது வரும் கருகல் இனிப்பு. அதற்கு மேலே காந்தாரியின் காட்டம். தான் சொல்லிக்கொடுக்காமல் வேறு யார் கைக்கும் அது வராது என்று அவளுக்குத் தெரியும். அப்படியே அந்தப் பக்கம் நடந்தாள்.

புதுக் கடை. வாசலில் ஆட்கள் நின்றுகொண்டே தின்றுகொண்டிருந்தார்கள். உள்ளே மேசைமேல் அவளுடைய சட்டி. உடைந்த கைப்பிடிக்கு அவள் சுற்றிய நீலத் துணிகூட அப்படியே இருந்தது. அதன் பின்னால் முப்பிடாதி, முள்கரண்டி இரண்டையும் வைத்து இறைச்சியைப் பிய்த்துக்கொண்டிருந்தாள்.

கல்லாவிலிருந்த ஸ்ரீநாத்தான் முதலில் பார்த்தார். எழுந்து வந்து சிரித்தார். "பொன்மணிச் சேச்சியா? ஊருக்குப் போயி, இனி வரில்லன்னு முப்பிடாதி பறஞ்ஞல்லோ. எப்ப வந்நு?"

அவர் முகத்தில் கள்ளம் எதுவும் இல்லை. பொன்மணி முப்பிடாதியைப் பார்த்தாள். அவள் தலை நிமிரவில்லை. கை மட்டும் பிய்த்துக்கொண்டே இருந்தது.

"நான் எங்கயும் போகல" என்றாள் பொன்மணி. "அவகிட்ட ஒரு வார்த்த பேசணும்."

கடைக்குப் பின்னால், பாத்திரம் கழுவும் இடத்தில் இருவரும் நின்றார்கள். முப்பிடாதி முந்தானையால் கையைத் துடைத்துக்கொண்டே இருந்தாள்.

"அந்தப் பிள்ளைக்குக் கவுன் அளவா இருந்துச்சா?" என்று கேட்டாள் பொன்மணி.

முப்பிடாதி குழாயைத் திறந்து துடைத்த கையை மறுபடி கழுவினாள்.

"சொல்லுட்டி. கவுன் எங்க இருக்கு?"

"என் பெட்டில இருக்கு." முப்பிடாதி குழாயை மூடினாள். "ரெண்டு பேரும் வந்தா நான் இங்கயும் வெங்காயம் அரியவதான். எல்லாவனும் உன் கையத்தான் சொல்லுதான். உன்ன இந்த ஊருக்குக் கூட்டியாந்தவ நான். ஒருத்தனாவது என்னைய ஒரு வார்த்த சொல்லிருக்கானா?"

"இத எங்கிட்டச் சொல்லிருந்தா நீ வச்சிக்கோன்னு விட்டிருப்பேனே."

"அதான். அப்பவும் நீ விட்டுக் குடுத்துத்தான் நான் வாங்கணும்."

 இல்லாத குழந்தைக்காகக் கடையில் கவுனை விரித்து விரித்துப் பார்த்தது பொன்மணிக்கு நினைவுக்கு வந்தது. சட்டியருகில் உட்கார்ந்து அத்தனை ஆசையாகச் சொல்லிக்கொடுத்ததும். அப்போதெல்லாம் இவள் மனசுக்குள் என்ன நினைத்துக்கொண்டிருந்தாள் என்பதுதான் தாங்கவில்லை. கடை போனதுகூடப் பெரிதாகப் படவில்லை.

உள்ளே போனாள். ஸ்ரீநாத்திடம் ஒரு பாத்திரம் வாங்கி, இறைச்சியைச் சாறோடு ஒரு துளி சிந்தாமல் அதில் கவிழ்த்தாள். "இறச்சி உங்களுக்குள்ளது. சட்டி என்னோடது" என்றாள். அவர் முப்பிடாதியையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தார். ஏதோ புரிந்திருக்க வேண்டும், தடுக்கவில்லை. அவர் கேட்டிருந்தால் எல்லாவற்றையும் சொல்லியிருப்பாள். அவரும் கேட்கவில்லை, இவளும் சொல்லவில்லை.

வெளியே ஓர் ஆட்டோவை நிறுத்தினாள். ஓட்டுநர் யூசுப் என்று முன்கண்ணாடியில் எழுதியிருந்தது. சட்டியைத் தூக்கி வைக்கப் போனவள் நின்றுவிட்டாள்.

"அண்ணாச்சி, இது பன்னி இறச்சி வச்ச சட்டி. கழுவல."

அவர் சட்டியைப் பார்த்தார், அவள் முகத்தையும் பார்த்தார். "இதுல வேண்டா மோளே" என்றார் தணிவாக. பிறகு தானே இறங்கி, சாலையின் நடுவில் கை காட்டி இன்னொரு வண்டியை நிறுத்தி, அவள் ஏறும்வரை பக்கத்திலேயே நின்றார். வண்டி திரும்பியதும் பொன்மணி சட்டியைக் கட்டிக்கொண்டு அழுதாள். பள்ளுருத்தி வரும்வரை நிற்கவில்லை.

அன்றிரவு முப்பிடாதி வரவில்லை. ஞாயிற்றுக்கிழமை பகலில் பெட்டியை எடுக்க வந்தாள். துணிகளை மடித்து வைத்துக்கொண்டு வாசல்வரை போனவள் திரும்பினாள்.

"நாலு வார்த்த திட்டியாவது விடு பொன்மணி."

"திட்டுனா உனக்கு மனசு ஆறிப்போகும்" என்றாள் பொன்மணி.

 முப்பிடாதி பெட்டியை இடுப்பில் இடுக்கிக்கொண்டு மாடிப்படியில் இறங்கினாள். படி செங்குத்தானது. எப்போதும் பெட்டியின் மறுமுனையைப் பிடிக்க ஓடுகிற பொன்மணி, அன்றைக்குக் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். கீழே கடைசிப் படியில் பெட்டி சுவரில் இடிக்கும் சத்தம் கேட்டது. அதற்கப்புறம்தான் கதவைச் சாத்தினாள்.