மாத்திரை போட்ட மேடை

அடி அண்ணாமலை ஊர்க்காரி சரசு இருபது வருஷமாகக் கட்டட வேலைக்குப் போகிறவள். ஜல்லி சுமப்பாள், கலவை சுமப்பாள். ஆனால் தருமன் மேஸ்திரி எந்த வேலைக்கும் அவளை விடாமல் கூப்பிட்டதற்குக் காரணம் அவள் தண்ணீர் விடும் நேர்த்திதான். புதிதாகப் போட்ட தளத்தின் மேல் மண்ணால் சின்னச் சின்னப் பாத்தி கட்டித் தண்ணீர் நிறுத்துவாள். ஓரங்களுக்கு ஈரச் சாக்கு போர்த்துவாள். பதினான்கு நாளும் தளம் காயாது, அதனால் விரிசலும் விடாது.

கிரிவலப் பாதையோரம் பக்தர்கள் இளைப்பாற ஒரு மேடை கட்டியபோதும் அப்படித்தான் செய்தாள். வைகாசி வெயிலில் மூன்று வேளையும் தண்ணீர் விட்டாள். பௌர்ணமிக் கூட்டம் பாத்தியில் கால் நனைக்க வந்தபோது, ஒவ்வொருவராகக் கெஞ்சி நகர்த்தினாள்.

அந்த மேடையின் கலவையில் என்ன கலந்திருந்தது என்பதை அவளிடம் யாரும் சொல்லவில்லை. சென்னையிலிருந்து ஒரு மூட்டை வந்தது, உள்ளே ஜவ்வரிசி மாதிரி உருண்டைகள் இருந்தன, அதைக் கொட்டிக் கலக்கினார்கள். அவ்வளவுதான் அவளுக்குத் தெரியும். தளத்தில் விரிசல் விட்டால் அந்த உருண்டைகள் உடைந்து, உள்ளிருக்கும் பசை கசிந்து, விரிசலைத் தானாகவே மூடிவிடுமாம். வேலையாட்கள் அதற்கு மாத்திரை கான்கிரீட் என்று பெயர் வைத்தார்கள்.

மாதம் ஒன்று ஆனதும் உதவிப் பொறியாளர் நந்தினி பூதக்கண்ணாடியோடு வந்து மேடை முழுவதும் தவழ்ந்து தேடினாள். விரிசல் இல்லை. மறுவாரமும் வந்து தேடினாள். அப்போதும் இல்லை. மூன்றாம் முறை அவளுடைய மேலதிகாரி பிரசாத்தே ஜீப்பில் வந்து இறங்கினார். விரிசல் ஆறுவதைப் பார்க்கச் சென்னையிலிருந்து குழு வரப்போகிறது, விரிசல் எங்கே என்று தருமனைப் பிடித்துக் காய்ச்சினார். முப்பது வருஷமாக விரிசல் விட்டதற்குத் திட்டு வாங்கிப் பழகிய தருமன், விடாததற்கு என்ன பதில் சொல்வதென்று தெரியாமல் சரசுவைக் கை காட்டினான்.

“எத்தனை நாள்மா தண்ணி வுட்ட?” என்றார் பிரசாத்.

“பதினாலு நாளுங்க.”

“யாரு வுடச் சொன்னது?”

“யாரும் சொல்லலீங்க. வுடாதன்னும் யாரும் சொல்லலீங்க.”

பிரசாத் தலையில் கை வைத்துக்கொண்டார். அரசாங்கத்தின் ஆராய்ச்சியையே ஒரு குடத்தால் கெடுத்துவிட்டாள் என்று நந்தினியிடம் இங்கிலீஷில் சொன்னார். சரசுவுக்கு வார்த்தை புரியவில்லை, குரல் புரிந்தது. இருபது வருஷத்தில் வேலை நன்றாக இருக்கிறதென்று யாரும் கூப்பிட்டுச் சொன்னதில்லை. நன்றாக இருப்பதற்காகத் திட்டுவார்கள் என்று அவள் நினைத்ததும் இல்லை.

அதன் பிறகு விரிசல் உண்டாக்கும் வேலை தொடங்கியது. தண்ணீர் லாரியை மேடை மேல் ஏற்றி நிறுத்திப் பார்த்தார்கள். மேடை அசையவில்லை. சம்மட்டியால் அடிக்கச் சொன்னார்கள். தருமன் மனசில்லாமல் நாலு அடி போட்டான். ஐந்தாவது அடியில் ஒரு மூலை அப்படியே பெயர்ந்து கீழே விழுந்தது. மயிரிழை அளவு விரிசல்தான் கேட்டேன், இது என்ன விபத்து மாதிரி இருக்கிறது என்று பிரசாத் கத்தினார். தருமன் சாதாரண சிமெண்டைக் குழைத்து அந்த மூலையைப் பூசி மூடினான்.

குழு வந்தது. நாலு பேர், நாலு கருவி. மேடையை அளந்தார்கள், தட்டினார்கள், காது வைத்துக் கேட்டார்கள். விரிசல் எங்கே என்று கேட்டார் குழுத் தலைவர். நந்தினி வாயைத் திறப்பதற்குள் பிரசாத் முந்திக்கொண்டார்.

“எல்லாம் ஆறிடுச்சு சார்.”

எத்தனை இருந்தது என்று கேட்டதற்கு முப்பத்தேழு என்றார். தலைவர் அசந்துபோனார். பூச்சு வேலை செய்த மூலையைத் தடவிப் பார்த்து, இதுவுமா என்றார். அதுதான் இருந்ததிலேயே பெரிசு என்றார் பிரசாத். நாலு பேரும் அந்த மூலையோடு படம் எடுத்துக்கொண்டார்கள். தருமன் வேப்பமரத்துப் பக்கம் திரும்பி நின்றான்.

திட்டம் அமோக வெற்றி என்று அறிக்கை போனது. ஒழுங்காகத் தண்ணீர் விட்டதால் விரிசலே விழவில்லை என்று நந்தினி எழுதியிருந்த ஒரு பத்தியை, ஆராய்ச்சிக்குச் சம்பந்தமில்லை என்று பிரசாத் அடித்துவிட்டார். மேலும் ஐந்து மேடை கட்ட உத்தரவு வந்தது. தானே ஆறிக்கொள்ளும் கான்கிரீட்டுக்குத் தண்ணீர் விட ஆள் எதற்கு என்று அந்தச் செலவையும் நீக்கிவிட்டார்கள். சரசுவுக்கு வேலை போனது. அவள் நந்தினியின் அலுவலகத்துக்கே போய், மாத்திரை இருந்தாலும் தண்ணீர் வேண்டாமா என்று கேட்டாள். நந்தினி அவளைப் பார்க்காமல், வேணும்தான் அக்கா, ஆனா கோப்புல இல்ல என்றாள்.

அடுத்த பங்குனியில் ஐந்து மேடையும் போட்டார்கள். சொட்டுத் தண்ணீர்கூட விடவில்லை. நாலாம் நாளே வெடித்தன. மாத்திரையால் மூட முடிகிற மயிரிழை விரிசல் அல்ல, விரல் நுழைகிற விரிசல். பௌர்ணமிக்கு வந்தவர்கள், ஊதுபத்தி செருக வசதியாகக் கட்டியிருக்கிறார்கள் என்று நினைத்து வரிசையாகச் செருகிவிட்டுப் போனார்கள். பிரசாத் வந்து பார்த்தார். பூசக் கூடாது என்று உத்தரவு போட்டார். பூசினால் தானாக ஆறவில்லை என்று ஒப்புக்கொண்டதாகிவிடும். ‘விரிசல் ஆறிக்கொண்டிருக்கிறது. தொடாதீர்கள்’ என்று மேடைக்கு மேடை பலகை நட்டார்கள். பலகையைப் படித்த பிறகு தொட்டுப் பார்க்கிற கூட்டம் ஜாஸ்தியானது. ஆகவே காவலுக்கு ஆள் தேவைப்பட்டது.

நந்தினிதான் சரசுவுக்குப் போன் செய்தாள். தண்ணீர் விட்டதைவிடக் கூலி அதிகம், உட்கார நாற்காலி உண்டு, குடையும் உண்டு என்றாள்.

“எத்தினி நாளைக்கு மேடம்?” என்று கேட்டாள் சரசு.

“ஆறுற வரைக்கும் அக்கா.”

சரசு அன்று சாயங்காலமே போய் ஐந்து மேடையையும் சுற்றிப் பார்த்தாள். ஒரு விரிசலில் சுண்டுவிரலை விட்டுப் பார்த்தாள். அடி வரை போனது. ஆனாலும் வேலைக்கு ஒத்துக்கொண்டாள்.

நாற்காலியில் உட்கார்ந்து சம்பளம் வாங்குவது முதல் இரண்டு நாள் அவளுக்குக் கூச்சமாக இருந்தது. மூன்றாம் நாள் பழகிவிட்டது. வாரக் கடைசியில் நந்தினி நோட்டோடு வந்து, எப்படி இருக்கிறது என்று கேட்டாள்.

“ஆறல மேடம். ஆனா இதுக்கு மேல பெருசாவுல.”

நந்தினி பேனாவை எடுத்தாள். பிறகு, ‘நிலைமை சீராக உள்ளது’ என்று எழுதி, சரசுவிடமே நோட்டை நீட்டிக் கையெழுத்து வாங்கிக்கொண்டாள்.