சுபநேரத்துக்குள் கொங்கிறீட்

சனிக்கிழமை காலை எட்டு மணிக்கு, லண்டனின் மிச்சம் பகுதியில் பத்மநாதனின் வீட்டுக்குப் பின்னால் இருந்த காணியில், அத்திவாரக் கிடங்கைச் சுற்றி எல்லோரும் வெறுங்காலோடு நின்றார்கள். ஏப்ரல் மாதக் குளிரில் கால்விரல்கள் மடங்கின. ஐயர் ஈசான மூலைக்குள் வீடு தொடங்கும் நாட்கல்லை வைத்து, பால் ஊற்றி, பூப் போட்டார். பத்மநாதனின் மகள் கோசிகாவுக்காகக் கட்டப்போகும் வீடு. கவுன்சில் அனுமதிக்கே இரண்டு வருடம் போயிருந்தது.

"ஒன்பது மணிக்கு ராகுகாலம். அதுக்கு முன்னம் இந்த மூலையில கொங்கிறீட் விழவேணும்" என்றார் ஐயர்.

கொங்கிறீட் லொறி எட்டு நாற்பதுக்குத்தான் வந்தது. கொங்கிறீட் வழியும் அதன் தகரப் பீலி கிடங்கின் முன்பக்கத்துக்கு மட்டுமே எட்டியது. ஈசான மூலைக்குத் தள்ளுவண்டிலில் கொண்டுபோய்க் கொட்ட வேண்டும். கொட்டியதை உள்ளே நின்று ஒருவர் இழுத்துப் பரப்ப வேண்டும். அப்படியான வேலைக்குப் பத்மநாதனிடம் எப்போதும் ஓர் ஆள்தான் இருந்தார். மன்னாரில் மேசனாக இருந்த யேசுரட்ணம். ஐம்பத்திரண்டு வயது. அகதி வழக்கு இரண்டு முறை தள்ளுபடியாகி, ஏழு வருடங்களாகப் பத்மநாதனின் கட்டட வேலைகளில் நின்றார்.

யேசுரட்ணம் ரப்பர் பூட்ஸை எடுத்துக் காலில் மாட்டப் போனபோது பத்மநாதனின் மனைவி கலாவதி பதறிப்போய்ச் சொன்னாள்.

"ஐயோ, யேசுரட்ணம்! அது நாட்கல் வைச்ச இடமெல்லோ. பால் ஊத்தின ஈரம் கூடக் காயேல்லை. சப்பாத்தோட மிதிக்காதேங்கோ."

"ஓம் அக்கா, விளங்குது. எங்கட கோயிலுக்கும் நான் கழட்டிப்போட்டுத்தான் போறனான்."

கோசிகா கைபேசியில் படம் எடுத்துக்கொண்டு நின்றாள். "அப்பா, அங்கிள் பூட்ஸ் போடேல்லை. இட்ஸ் நொட் சேஃப்."

"நீ சும்மா இரு பிள்ளை. இவர் மன்னார் மேசன். உங்கட பூட்ஸ் வாறதுக்கு முன்னமே வீடு கட்டினவர். என்ன யேசு?"

"ஊரில காலால மிதிச்சுத்தானே குழைச்சனாங்கள்" என்று யேசுரட்ணமும் சிரித்தார். சிரித்துக்கொண்டே காற்சட்டையை முழங்கால் வரை மடித்து இறங்கினார்.

முதல் வண்டில் எட்டு ஐம்பத்திரண்டுக்கு விழுந்தது. கலாவதி கைகூப்பினாள். அதன்பிறகு அவரை மேலே ஏறச் சொல்ல யாருக்கும் நினைவு வரவில்லை. லொறிச் சாரதி நேரமாகிறது என்று கத்திக்கொண்டிருந்தான். மற்ற இரண்டு வேலையாட்களும் பூட்ஸ் போட்டபடி வெளியில் நின்று வண்டிலைக் கவிழ்த்தார்கள். சாம்பல் நிறச் சேறு யேசுரட்ணத்தின் கணுக்காலைத் தாண்டிக் கெண்டைக்கால் வரை வந்தது. ஒன்றேகால் மணி நேரம் அதற்குள் நின்றார். அவருக்கு வலிக்கவில்லை. பல வருடச் சீனி வருத்தத்தில், நீரிழிவில், பாதங்கள் உணர்விழந்திருந்தன. அந்த வருத்தம் பத்மநாதனுக்கும் தெரியும். மதியச் சாப்பாட்டுக்கு முன் யேசுரட்ணம் அதற்கான குளிசை போடுவதைத் தினமும் பார்ப்பவர்தான்.

வேலை முடிந்ததும் யேசுரட்ணம் ஒரு வாளித் தண்ணீரில் காலைக் கழுவிவிட்டு, எல்லோரோடும் நின்று வடை சாப்பிட்டார்.

அன்று பின்னேரம் தோர்ண்டன் ஹீத்தில் தன் அறைக்குப் போய்க் காலைப் பார்த்தபோது தோல் கறுத்து, விரல்களுக்கிடையில் வெடித்திருந்தது. பத்மநாதனுக்குத் தொலைபேசி எடுத்தார்.

"அண்ணை, கால் ஒரு மாதிரிக் கிடக்கு. கறுத்துப்போச்சு. ஹொஸ்பிட்டலுக்குப் போகட்டோ?"

மறுமுனையில் பத்மநாதன் குரலைத் தாழ்த்தினார்.

"அங்க போனா எங்க வேலை செய்தனி எண்டு கேப்பாங்கள், யேசு. பேர், விலாசம், விசா எல்லாம் கேப்பாங்கள். உன்னைப் பிடிச்சு அனுப்பிப்போடுவாங்கள். உனக்காகத்தான் சொல்லுறன். பாமசியில கிறீம் வாங்கியாறன், பூசு. ரெண்டு நாளில ஆறியிடும்."

"சரி அண்ணை."

தான் பொய் சொல்லவில்லை என்றுதான் பத்மநாதன் தன்னையே நம்பவைத்தார். முப்பது வருடங்களுக்கு முன் ஜேர்மனியில் அவரும் விசா இல்லாமல் ஓர் உணவகத்தின் பின்னறையில் பாத்திரம் கழுவியவர். காய்ச்சலோடு கழுவினார். கை வெந்தபோதும் கழுவினார். பட்டவனுக்கு இரக்கம் வரும் என்று நாம் எண்ணிக்கொள்கிறோம். சிலருக்கு அது வருவதில்லை. ஒரு மனிதன் எவ்வளவு தாங்குவான் என்ற கணக்குத்தான் வருகிறது.

ஞாயிறும் திங்களும் போயின. கிறீம் கதவடியில் வைக்கப்பட்டது. பத்மநாதன் உள்ளே போகவில்லை. செவ்வாய்க்கிழமை கலாவதி சோறும் கறியும் கட்டிக்கொண்டு போனாள். அறைக் கதவைத் திறந்ததும் அவளுக்கு வந்தது நாற்றம். யேசுரட்ணம் சுவரோடு சாய்ந்திருந்து, போர்வையைக் கால் மேல் இழுத்து மூடப் பார்த்தார். காய்ச்சலில் கண் சிவந்திருந்தது.

"ஒண்டுமில்லை அக்கா. ஆறுது. ஹொஸ்பிட்டலுக்குப் போகவேண்டாம் எண்டு அண்ணை சொன்னவர்."

கலாவதி போர்வையைத் தூக்கினாள். கணவனிடம் கேட்கவில்லை. அம்புலன்சுக்கு 999 எடுத்தாள்.

அவசரப் பிரிவில் யாரும் விசாவைக் கேட்கவில்லை. பிறந்த திகதியைக் கேட்டார்கள். என்ன மருந்து ஒத்துவராது என்று கேட்டார்கள். பெண் வைத்தியர் காலைப் பார்த்துவிட்டு, இது சீமெந்தினால் வந்த எரிகாயம், உள்ளே எலும்பு வரை போய்க் கிருமி பிடித்துவிட்டது என்றார். இரண்டில் மோசமான வலது காலைக் கணுக்காலுக்கு மேலே வெட்டி எடுக்க வேண்டும். சனிக்கிழமையே வந்திருந்தால் தோலோடு நின்றிருக்கும். இது எப்படி நடந்தது என்று கேட்டார்.

அதற்குள் பத்மநாதனும் வந்து திரைச்சீலைக்குப் பக்கத்தில் நின்றார். மொழிபெயர்க்கக் கலாவதிதான் இருந்தாள்.

யேசுரட்ணம் பத்மநாதனைப் பார்த்தார். பத்மநாதன் தரையைப் பார்த்தார். வைத்தியர் பேனாவைப் பிடித்தபடி காத்திருந்தார். ஒரு சொல் போதும். ஏழு வருடம் உழைத்தவனுக்காக ஒரு சொல். பத்மநாதனின் வாயிலிருந்து அது வரவில்லை.

"ரூமில சீமெந்துப் பை கொட்டுப்பட்டது எண்டு சொல்லுங்கோ அக்கா" என்றார் யேசுரட்ணம். "அண்ணைக்குக் கரைச்சல் வேண்டாம்."

கலாவதி அதை மொழிபெயர்க்கவில்லை. தனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில், மெதுவாக, ஒன்றையும் விடாமல் சொன்னாள். தங்கள் வீட்டு அத்திவாரம். பூட்ஸ் போடவேண்டாம் என்றவள் தானேதான். ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டாம் என்று தடுத்தது தன் கணவர். வைத்தியர் எழுதிக்கொண்டே இருந்தார்.

நடைபாதையில் பத்மநாதன் அவள் கையைப் பிடித்து இழுத்தார்.

"உனக்கென்ன விசரோ கலா? இனி வழக்கு வரும். வீட்டு வேலை நிக்கும். நான் அந்தாளுக்கு எவ்வளவு செய்திருக்கிறன்! ஒருத்தரும் வேலை குடுக்காத நேரம் நான்தானே குடுத்தனான்?"

கலாவதி கையை விடுவித்துக்கொண்டாள். உரத்துப் பேசவில்லை.

"நீங்கள் அவருக்கு வேலை குடுக்கேல்லை. அவற்ற பயத்தை வேலைக்கு வைச்சிருந்தனீங்கள். நானும் சேர்ந்துதான். விசா இல்லாத மனிசன் நோகுது எண்டும் சொல்லமாட்டான், ஏலாது எண்டும் சொல்லமாட்டான். அது தெரிஞ்சுதான் நாங்கள் அவரை நல்ல ஆள், நல்ல ஆள் எண்டு ஊரெல்லாம் சொன்னனாங்கள். எங்கட சனத்துக்கு உதவி செய்யிறம் எண்டு இனி ஒருத்தருக்கும் சொல்லாதேங்கோ. வாய் திறக்க ஏலாதவனைத் தேடிப் பிடிச்சு வேலை வாங்கிறதுக்குப் பேர் உதவி இல்லை."