பின்வாசல் குளியல்

"தொடாத! அம்மாவத் தொடாத! எலி ரத்தத்தோட வர்றா!"

மாமியார் போட்ட சத்தத்தில், வாசலுக்கு ஓடி வந்த மூன்று வயது மகள் அப்படியே நின்றாள். நீட்டிய கை நீட்டியபடி இருந்தது. ஸ்கூட்டரை நிறுத்திவிட்டு வந்த கணவன் பிள்ளையை அலாக்காகத் தூக்கிக் கன்னத்தில் முத்தம் கொடுத்தான். அதைப் பார்த்து அதே மாமியார் பூரித்துப் போனாள்.

கணவன் மனைவி இருவரும் வந்தது ஒரே ஆய்வுக்கூடத்திலிருந்து, ஒரே வண்டியில். எலிக்கு வைரஸ் ஊசி போடுகிறவன் அவன். ரத்தப் புற்று கண்ட எலியை அறுத்து, வீங்கிய மண்ணீரலை வெளியே எடுப்பவனும் அவன்தான். அதிலிருந்து செல்களைப் பிரித்துக் குப்பியில் வளர்ப்பது இவள் வேலை. பதினோரு எலிகளின் செல்கள் ஒரு வாரம்கூடத் தாங்காமல் செத்தன. பன்னிரண்டாவது எலியின் செல்களை மூன்று நாளைக்கொரு தரம் புதுக் குப்பிக்கு மாற்றி மாற்றி, இன்று ஐம்பதாவது தடவையும் பிழைக்க வைத்துவிட்டாள். இனி அவை பெருகிக்கொண்டே இருக்கும். அந்தச் சந்தோஷத்தில் மகளைக் கட்டிக்கொள்ளலாம் என்று வந்தவள்தான்.

"என்ன முழிக்கிற? பின்பக்கமாப் போய்க் குளிச்சிட்டு வா."

"அத்தை, அது எலிக்கு வர்ற வைரஸ். நமக்கெல்லாம் ஒட்டாது. உங்க மகனையே கேளுங்க."

அவனுக்குத் தெரியாததா? ஒரு வார்த்தை சொன்னால் போதும். அவன் பிள்ளையின் சட்டைப் பொத்தானைத் திருகிக்கொண்டிருந்தான்.

"ஒரு வாளித் தண்ணிதானே, ஊத்திக்கிட்டு வாயேன். வந்ததும் வராததுமா எதுக்குப் பஞ்சாயத்து?" என்றான்.

"அப்ப எலிய அறுத்த கை?"

"ஆம்பளைக் கையில என்னடி ஒட்டும்?" மாமியார் சிரித்தாள். "நாலெழுத்துப் படிச்சவளாம், கேக்குறா பாரு கேள்வி!"

அவள் பின்வாசல் குழாயடிக்குப் போனாள். மூன்று வருஷமாக, மழையோ பனியோ, மாலைக் குளியல் அங்கேதான். வழக்கமாக ஒரு வாளி நிரம்பியதும் குழாயை மூடிவிடுவாள். இன்று இரண்டு வாளி நிரம்பும்வரை நின்றாள். ஒன்றைத் தலையோடு ஊற்றிக்கொண்டு, ஈரம் சொட்டச் சொட்டக் கூடத்துக்கு வந்து, கணவன் கையிலிருந்து மகளை வாங்கிக்கொண்டாள். பிள்ளை அவள் கழுத்தில் முகத்தைப் புதைத்துக்கொண்டது.

"இன்னொரு வாளி நிரப்பி வெச்சிருக்கேன். நீங்களும் குளிச்சிட்டு வாங்க. அதுவரைக்கும் புள்ளையத் தொடாதீங்க."

அவன் தன் அம்மாவைப் பார்த்தான். அம்மா பதறிப்போனாள்.

"அடிப்பாவி, பச்சத் தண்ணியா? அவனுக்குச் சளி புடிச்சுக்கும்டி! போ, போய் வெந்நீர் போடு!"

"அடுப்பு அங்கதான் இருக்கு, அத்தை" என்று சொல்லிவிட்டு, மகளோடு அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.