நெஞ்சோடு மடித்த கை

எங்கள் வீட்டு நாய்க்குக் காது இரண்டும் நன்றாகத்தான் இருக்கின்றன. ஆனால் அது பேச்சைக் கேட்பது கண்ணால். காரணம் என் வீட்டுக்காரர். அவர் நாற்சந்தியில் நின்று வண்டிகளுக்குக் கை காட்டும் போக்குவரத்துக் காவலர். குட்டியாக வந்த நாளிலிருந்து நாய்க்கும் அதே பாடத்தைத்தான் நடத்தினார். உள்ளங்கையை நீட்டினால் நிற்க வேண்டும். வலது கையை மடித்து நெஞ்சோடு வைத்தால் உட்கார்ந்து காத்திருக்க வேண்டும். அந்தக் கையைப் பக்கவாட்டில் வீசினால் போகலாம். சாப்பாட்டுக்கும் இதே சட்டம். தட்டை வைத்ததும் அவர் கை நெஞ்சுக்குப் போகும். கை விரியும்வரை எலும்பே கிடந்தாலும் வாய் வைக்காது.

நான் ஆரம்பப் பள்ளி ஆசிரியை. நாற்பது பிள்ளைகளை ஒரே அதட்டலில் உட்கார வைக்கிறவள். நான் தொண்டை கிழியக் கத்தினாலும் எங்கள் துரை எருமை மாட்டின் மேல் மழை பெய்தது போல நிற்கும். துரை என்று பெயர் வைத்தது நான்தான். பொருத்தம் பார்த்துத்தான் வைத்தேன்.

"கையைக் காட்டு டீச்சர், கேக்கும்" என்பார் அவர்.

"ரோட்டுல செய்யற வேலையெல்லாம் வீட்டுல என்னால செய்ய முடியாது. வாய் எதுக்கு இருக்கு?"

"அதுக்கும் கொஞ்சம் ஓய்வு வேணும்ல?"

அவர் பணி முடிந்து வந்ததும் அவரும் துரையும் பந்தை எடுத்துக்கொண்டு தெருமுனை மைதானத்துக்குப் போய்விடுவார்கள். எட்டு மணி நேரம் வெயிலில் நின்ற மனிதர், அங்கே போனால் பத்து வயசுப் பையனாகிவிடுவார். பந்தைத் தூக்கிப் போட்டுவிட்டு நாயோடு தானும் ஓடுவார். நாய்க்கு வயது ஒன்பது, இவருக்கு ஐம்பத்து நாலு. "விழுந்து வாரப் போறீங்க" என்று நான் சொல்லாத நாளில்லை. ஒரு நாள் விழுந்தார். வலது தோளில் எலும்பு விரிசல்.

மருத்துவர் கையை மடித்து, கழுத்திலிருந்து தொங்கும் துணிப்பட்டைக்குள் வைத்து, நெஞ்சோடு சேர்த்துக் கட்டினார். ஆறு வாரத்துக்கு அசைக்கக் கூடாது என்றார்.

வீட்டுக்கு வந்தோம். துரை வாசலுக்குப் பாய்ந்து வந்தது. இவரைப் பார்த்ததும் பாய்ச்சல் நின்றது. அப்படியே உட்கார்ந்துவிட்டது.

"பாருங்க, உங்களுக்கு அடிபட்டது தெரிஞ்சு எவ்வளவு அடக்கமா உக்காருது" என்றேன். மெத்தப் படித்தவள் நான்.

அன்று ராத்திரி அது சாப்பிடவில்லை. மறுநாளும் சாப்பிடவில்லை. கறி போட்டேன், முட்டை போட்டேன், பாலில் ரொட்டியைப் பிய்த்துப் போட்டேன். அவர் கட்டிலுக்கு முன்னால் உட்கார்ந்து அவரையே பார்த்துக்கொண்டிருந்தது. ஒன்றுக்கு, இரண்டுக்கு நான் சங்கிலியைப் பிடித்து வெளியே இழுத்துப் போனால் உண்டு. முடிந்ததும் ஓடிவந்து பழைய இடத்தில் உட்கார்ந்துவிடும். தூங்கியதாகவும் தெரியவில்லை.

"என்னை நெனச்சு ஏங்குது" என்று சொல்லிவிட்டு அவரும் தட்டைத் தள்ளினார். இது சாப்பிடாததால் அவர் சாப்பிடவில்லை, அவரைப் பார்த்து இது சாப்பிடவில்லை. நடுவில் இரண்டு பேருக்கும் சமைத்துக் கொட்டிக்கொண்டிருந்தவள் நான். பக்கத்து வீட்டுத் தையல்காரம்மா வந்து, "மனுஷங்களுக்குக்கூட இந்தப் பாசம் வராதுங்க" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டார். பாசம் சரி, வயிறு என்று ஒன்று இருக்கிறதே.

கால்நடை மருத்துவர் வீட்டுக்கே வந்து பார்த்தார். காய்ச்சல் இல்லை, வயிற்றில் கோளாறு இல்லை. "வயசான நாயும்மா. நாளைக்குச் சாயங்காலம் வரைக்கும் பாக்கலாம். அப்பவும் சாப்பிடலன்னா தூக்கிட்டு வந்துடுங்க, ஊசி வழியாத்தான் ஏத்தணும்" என்றார். அவர் போன பிறகு இவர் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். தோள் வலி என்றார். எனக்கா தெரியாது?

மறுநாள் பள்ளிக்கு லீவு சொன்னேன். காலையில் தட்டை வைத்துவிட்டுத் தரையைத் துடைக்கும்போது கவனித்தேன். துரை உட்கார்ந்திருந்த இடத்தில் குளம் மாதிரி எச்சில். துடைத்தேன். மறுபடி சொட்டியது. பசியே இல்லாத நாய்க்கு வாய் ஏன் ஊறுகிறது என்று மண்டையைக் குடைந்தது. யோசனையோடே இவருக்கு உடம்பு துடைக்கப் போனேன். சட்டையைக் கழற்றினேன். குளிருமே என்று ஒரு பெரிய துண்டை எடுத்து முன்னால் போர்த்தினேன்.

துரை சட்டென்று எழுந்து நின்றது.

துண்டை எடுத்தேன். உட்கார்ந்தது. போர்த்தினேன். எழுந்தது. எடுத்தேன். உட்கார்ந்தது.

"என்ன டீச்சர் பண்ற?"

"ஏங்க, உங்க கையைப் பாருங்க."

குனிந்து பார்த்தார். மடித்து நெஞ்சோடு வைத்த வலது கை. அவர் முகத்தில் ஈயாடவில்லை.

துண்டைக் கழுத்துவரை போர்த்திக் கட்டினேன். அவர் இடது கையைப் பக்கவாட்டில் வீசினார். துரை அந்தக் கையைப் பார்த்தது, அவர் முகத்தைப் பார்த்தது. மறுபடி வீசினார். அவ்வளவுதான். தட்டைச் சுவரில் முட்டும்வரை தள்ளிக்கொண்டு போனது. மூன்று வேளைச் சாப்பாட்டை மூச்சு விடாமல் விழுங்கியது.

அவர் அழுதார். கல்யாணமான நாளிலிருந்து அவர் அழுது நான் பார்த்ததில்லை. "ரோட்டுல பத்து வண்டிக்குக் கை காட்டினா ரெண்டு வண்டி நிக்காமப் போகும். இது நான் சொல்றேன்னு பட்டினி கெடந்திருக்கு. நான் சொல்லவே இல்ல டீச்சர். சொல்லாத சொல்லுக்கு."

எனக்கும் பெருமைப்படத் தோன்றவில்லை. பயமாக இருந்தது. ஒரு உயிர் நம்மை இந்த அளவுக்கு நம்பக் கூடாது.

"எனக்கு இந்த அதிகாரம் வேண்டாம்" என்றார். "நில்லுன்னா நிக்கட்டும், ரோட்டுல அது வேணும். சோத்துக்கு யார் உத்தரவும் வேண்டாம்."

அன்றிலிருந்து கற்றுக்கொடுத்ததை மறக்கடிக்கும் வேலை ஆரம்பமானது. கற்றுக்கொடுத்ததைவிட அது கஷ்டம். முதலில் அவர் கையைத் துண்டால் மூடிக்கொண்டு தட்டை வைத்தோம். பிறகு துண்டைக் கொஞ்சம் கொஞ்சமாக இறக்கினோம். என் உள்ளங்கையில் ரொட்டியை வைத்து அதன் மூக்குக்கு நேரே நீட்டினேன். நானும் தரையில் உட்கார்ந்து, கையை வீசு வீசு என்று வீசிக் காட்டினேன், தையல்காரம்மா ஜன்னல் வழியாகப் பார்க்கிறார் என்று தெரிந்தும். துண்டு முழுதாக விலகியதும் மறுபடி உட்கார்ந்து அவர் முகத்தையே பார்க்கும். உத்தரவு வராதா என்று பார்க்கும். மறுபடி துண்டை ஏற்றுவோம்.

ஐந்தாவது வாரம். கை இன்னும் துணிப்பட்டைக்குள்தான் இருந்தது, மேலே துண்டில்லை. அவர் இடது கையால் தடுமாறி ரொட்டியில் வெண்ணெய் தடவிக்கொண்டிருந்தார். நான் பாடப் புத்தகத்துக்கு அட்டை போட்டுக்கொண்டிருந்தேன். துரை அவர் எதிரில் உட்கார்ந்திருந்தது. எச்சில் சொட்டியது. அவர் கையைப் பார்த்தது. ரொட்டியைப் பார்த்தது. என்னை ஓரக்கண்ணால் பார்த்தது. பிறகு முன்னங்காலைத் தூக்கி மேஜையில் வைத்து, தட்டிலிருந்த ரொட்டியை லபக்கென்று கவ்விக்கொண்டு கட்டிலுக்கு அடியில் ஓடிவிட்டது.

அவர் கத்தியைக் கீழே வைத்தார். கை தட்ட முடியாது, தொடையில் தட்டித் தட்டிச் சிரித்தார். கண்ணில் தண்ணீர். குனிந்து கட்டிலுக்கு அடியில் பார்த்துச் சொன்னார்:

"திருட்டுப் பயலே, நல்லா இரு."