செவ்வாய்க்குப் போகும் காலில் திருநீறு

ஆறு உருப்படிகளும் பைக்குள் போய், காற்றை உறிஞ்சி ஒட்டியாகிவிட்டது. பெட்டியில் அடுக்க வேண்டியதுதான் பாக்கி. கடைசியாக ஒரு தடவை விளக்கடியில் திருப்பிப் பார்த்தாள் அன்னமேரி. மூன்றாவது பைக்குள், போல்ட் துளையைச் சுற்றிச் சிவப்பாக ஏதோ அப்பியிருந்தது.

டைட்டேனியம் துருப் பிடிக்காது. ரத்தம் இந்த நிறத்தில் காயாது. பையோடு கண்ணுக்குக் கிட்டே கொண்டுபோனாள். சிவப்புக்கு அடியில் மஞ்சளாக ஒரு திட்டு. சந்தனம், அதற்கு மேல் குங்குமம். பை உறிஞ்சியபோது நசுங்கிப் பரவியிருக்கிறது. மற்ற ஐந்தையும் பார்த்தாள். எல்லாவற்றுக்கும் பொட்டு.

"மாதாவே, இந்த ஆள நான் என்ன செய்ய?"

யார் என்று விசாரிக்கத் தேவையே இல்லை. தங்கராஜுதான்.

சிம்பாங் அம்பாட்டில் இருந்த அந்தப் பட்டறை பல வருஷமாக ஆஸ்பத்திரிக் கட்டிலுக்கும் தண்ணீர் பம்புக்கும் உருப்படி கடைந்து பிழைத்தது. போன வருஷம்தான் அமெரிக்காவில் ஒரு தனியார் கம்பெனி, செவ்வாய்க் கிரகத்தில் இறங்கப்போகும் கலத்துக்குக் கால் மூட்டு செய்யச் சொல்லி ஆர்டர் கொடுத்தது. அன்றிலிருந்து அன்னமேரிக்குத் தலைவலி. முடி உதிரக்கூடாது, வெறுங்கை படக்கூடாது. அங்கே உயிர் இருக்கிறதா என்று தேடப் போகிறவர்கள், இங்கிருந்து போன கிருமியையே கண்டுபிடித்துவிட்டு நிற்கக் கூடாது. உருப்படி சுத்தம் என்று சான்றிதழில் அவள் முத்திரை குத்தினால்தான் பெட்டி வாசலைத் தாண்டும். கூரியர் வேன் மூன்று மணிக்கு. இப்போது மணி ஒன்றரை.

தங்கராஜு கேன்டீனில் மீ கோரேங் தின்றுகொண்டிருந்தான். ஐம்பத்திரண்டு வயசு. அந்தக் கால் மூட்டைக் கடைய அவனை விட்டால் பட்டறையில் கை கிடையாது. ஏற்கெனவே இரண்டு எச்சரிக்கைக் கடிதம் வாங்கியவன். மூன்றாவது வந்தால் வீட்டுக்குத்தான்.

"அண்ணே, கையில கிளவுஸ் போட்டியா, போடலியா?"

"எப்போ?"

"பொட்டு வச்சப்போ!"

தங்கராஜு முள்கரண்டியைக் கீழே வைத்தான். கொஞ்சமும் பதறவில்லை. "ஓ, பாத்துட்டியா. கிளவுஸ் போட்டுக்கிட்டு யாராச்சும் பொட்டு வைப்பாங்களா மேரி?"

"எதுக்குண்ணே வச்ச?"

"புது காடி எடுத்தா கோயிலுக்குக் கொண்டுபோய்ப் பூஜை போடாம ரோட்டுல விடுவியா? நீங்களே ஃபாதரக் கூப்பிட்டு தீர்த்தம் தெளிக்கிறீங்கதானே. இது எவ்ளோ தூரம் போற வண்டி! தரையில மொத மொத ஊன்றது இந்தக் கால்தான். நான் ஒரு ஓரமா துளைகிட்டதான் வச்சேன்லா. எலுமிச்சம்பழம்கூட நசுக்கல."

"நசுக்கலன்னு பெருமை வேறயா?"

"அதுவும் செவ்வாய் யாரோட கிரகம்? முருகனோடது. அவன் வீட்டுக்கே போறோம், அவன் பிரசாதம் இல்லாம போறதா? வேதக்காரி ஒனக்கு அது புரியாது."

நிபோங் திபால் தோட்டத்தில் செம்பனைக் குலை தூக்கி வளர்ந்த தோள் அன்னமேரிக்கு. அந்தத் தோளால் இவனை ஒரு இடி இடித்தால் என்ன என்று தோன்றியது. "கழுவி, சூட்டுல வச்சு, மறுபடி சோதிக்க ரெண்டு நாளு ஆகும். மூணு மணிக்கு வேன் வருது. உனக்கு மூணாவது எச்சரிக்கை சூராட் வரும். தெரியுமா?"

"எதுக்கு வரணும்? துடைச்சிட்டுப் போட்டுவிடு. போன தடவையும் வச்சேன், ஒன்னும் ஆவலியே. நீதானே சாப் குத்தி அனுப்பின."

அன்னமேரி அவன் எதிரே உட்கார்ந்துவிட்டாள்.

"போன தடவையா?"

"அது திருநீறு. தண்ணீர்மலை முருகன் கோயில்ல வாங்கினது. வெள்ளையில வெள்ளை, தெரியல. இந்த வாட்டி கொஞ்சம் சிறப்பா செய்யலாம்னு பாத்தேன்."

போன தடவை அனுப்பிய ஆறும் கலத்தில் மாட்டியாகிவிட்டது. மாட்டிய படத்தை அந்தக் கம்பெனியே அனுப்பி, ஆபீஸ் சுவரில் சட்டம் போட்டுத் தொங்குகிறது.

"அண்ணே, அது மாட்டுச் சாணம்."

"எரிச்ச சாணம். எரிச்சதுல கிருமி ஏது?"

"உன் வெரலையும் எரிச்சியா?"

 தங்கராஜு தன் கட்டைவிரலைப் பார்த்துக்கொண்டான். மீயின் எண்ணெய் அதில் மினுங்கியது.

மேனேஜர் கோகிலனுக்கு முப்பத்திரண்டு வயசு. விஷயத்தைக் கேட்டதும் கதவைச் சாத்தினான்.

"அக்கா, இன்னிக்கி உள்ளத துடைங்க. போன தடவ உள்ளத நீங்க கேக்கவே இல்ல. நானும் கேக்கல."

"கேட்டாச்சே தம்பி."

"செவ்வாயில எவன்க்கா வந்து பாக்கப் போறான்?"

"அதுக்குத்தானே அவனுங்க போறானுங்க! பாக்கத்தான் போறானுங்க! அங்க உயிர் இருக்குன்னு உலகமே குதிக்கும். கடைசியில தோண்டிப் பாத்தா நம்ம தங்கராஜு அண்ணன் வெரல்."

கோகிலனுக்குச் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டான். "அடுத்த ஆர்டர் போயிரும். பதினாலு பேரு வேலை அக்கா. தங்கராஜு அண்ணன வீட்டுக்கு அனுப்பச் சொல்லி மேல இருந்து வரும். இவ்ளோதான் சொல்லுவேன். சாப் உங்க கையில."

அதுதான் அவளுக்கு எரிச்சல். பொட்டு வைத்தவனுக்குப் பக்தி, மேனேஜருக்குப் பதினாலு பேர். இவளுக்கு மட்டும் முத்திரை. ஆயர் ஈத்தாம் வீட்டிலிருந்து இருட்டில் பஸ் ஏறி, கடல் பாலம் தாண்டி இங்கே வருவது இதற்குத்தானா? பேசாமல் குத்திவிட்டுப் போகலாம். குத்தினால் ஒருவருக்கும் தெரியப்போவதில்லை. தெரியாது என்று அவளால் திடமாகச் சொல்ல முடிந்ததே அவளை இன்னும் கடுப்பேற்றியது. யாராலும் சரிபார்க்க முடியாத இடத்தில்தானே அவள் முத்திரையை நம்பி அவர்கள் கால் மூட்டை மாட்டியிருக்கிறார்கள்.

குறைபாட்டுப் படிவத்தைத் திறந்து இரண்டு தடவைக்கும் சேர்த்து எழுதினாள். பொருள்: திருநீறு, சந்தனம், குங்குமம். எப்படிப் பட்டது: வெறும் விரலால். தங்கராஜுவைக் கூப்பிட்டுப் பக்கத்தில் உட்காரவைத்தாள்.

"பேரைப் போட்டுட்டேன் அண்ணே. முதுகுக்குப் பின்னால போடல, பாத்துக்க. முதல் ஆறுல தப்பா சாப் குத்தினது நான்னு என் பேரும் கீழ இருக்கு."

"அப்ப நான் போவ வேண்டியதுதானா?"

"எனக்குத் தெரியாது. எவ்ளோ வச்ச? கடுகளவா, மிளகளவா?"

"மிளகளவு," என்றான், குரல் இறங்கி.

இரண்டே முக்காலுக்குப் படிவத்தை அமெரிக்காவுக்கு அனுப்பினாள். வேன் வந்து, காலியாகத் திரும்பிப் போனது. 

மறுநாள் சனிக்கிழமை காலை எட்டு மணிக்கு அமெரிக்காவிலிருந்து வீடியோ அழைப்பு. ஒரு பொறியாளர் பெண், தூக்கம் கெட்ட முகம். மாட்டிய ஆறு மூட்டுகளையும் கழற்றுகிறார்கள். வேலை ஒரு மாதம் பின்னால் போகிறது. அடுத்த ஆர்டர் நிறுத்தி வைப்பு. ரத்தா இல்லையா என்று விசாரணை முடிந்துதான் சொல்வார்கள். கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை. கடைசியில், பூசியவர் எப்படிப் பூசினாரோ அப்படியே ஒரு கழிவு உருப்படியில் செய்து காட்ட வேண்டும் என்றாள். எங்கெல்லாம் சோதிப்பது என்று தெரிய வேண்டுமாம்.

தங்கராஜு சட்டைப் பித்தானைப் போட்டுக்கொண்டு கேமரா முன்னால் வந்தான். சட்டைப்பையிலிருந்து திருநீற்றுப் பொட்டலத்தை எடுத்தான்.

"எந்த விரல்னு கேக்குறாங்க," என்றான் கோகிலன்.

"மோதிர விரலால எடுத்து, கட்டை விரலால வைப்பேன்னு சொல்லுங்க தம்பி."

கோகிலன் சொன்னான். அந்தப் பெண் இரண்டு விரலையும் குறித்துக்கொண்டாள். தங்கராஜு ஒரு சிட்டிகை எடுத்தான். கண்ணை மூடினான். உதடு அசைய ஆரம்பித்தது.

"அண்ணே, மந்திரம் வேணாம். கைய மட்டும் காட்டு," என்று பல்லைக் கடித்தாள் அன்னமேரி.

"நடந்தத நடந்தபடி காட்டச் சொன்னாங்கதானே? மந்திரம் சொன்னேன். அப்புறம் ஊதினேன்."

"ஊதினியா?"

"மேலாப்புல. சும்மா ஃபூன்னு."

 அன்னமேரி படிவத்தின் நகலைத் தன் பக்கம் இழுத்து, விரல் என்பதற்குக் கீழே இன்னொரு வரி சேர்த்தாள்: வாயால் ஊதியது.

"எத்தனை தடவ ஊதின? யோசிச்சுச் சொல்லு."