விளக்கக் கடிதத்தின் மூன்றாம் பந்தி

1

ஷாமிளா இதை என்னிடம் சொன்னது கதை எழுதுவதற்காக அல்ல. தெஹியோவிட்டையில் என்னை மனு எழுதுகிறவளாகத்தான் தெரியும். கம்பனி அனுப்பிய கடிதத்துக்கு மூன்று நாளைக்குள் விளக்கம் எழுத வேண்டுமென்று வந்தாள். சிங்களம் சரளமாகப் பேசுவாள், எழுத வராது. கடிதத்துக்கு உதவாது என்று நான் ஒதுக்கியவைதான் இங்கே கதையாகச் சேர்ந்திருக்கின்றன. பெயரை மாற்றிவிட்டேன். அவளிடம் கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன்.

2

முதல் தொடக்கம்: 'இறப்பர் மரங்களுக்கு மேலே மழை கறுத்து—'

வேண்டாம். அன்று நல்ல வெயில்.

இரண்டாவது: ஷாமிளா ஆறு வருடமாக ஒரு தோட்டத்து இறப்பர் தொழிற்சாலையில் ஒரே பதவியில் இருக்கிறாள். கையுறை செய்யப் போகும் இறப்பர் பாலில் எந்த மருந்தை எவ்வளவு கலப்பது என்பது அவள் பொறுப்பு. அந்தக் கலவையை வெளியில் சொல்ல மாட்டேன் என்று சேரும்போதே கையெழுத்து வைத்திருக்கிறாள். அம்மா கருப்பாயி அதே தோட்டத்தில் இறப்பர் மரங்களில் பால் வெட்டுகிறார். இருவரும் இருப்பது தோட்டத்து லயத்தில், தொழிலாளருக்குக் கம்பனி கொடுத்த வரிசை வீடுகளில் ஒன்றில்.

3

போன மாதம் அவிசாவளைப் பக்கம் இன்னொரு தொழிற்சாலைக்கு நேர்முகத் தேர்வுக்குப் போனாள். 'இன்னும் வேலையில் இருக்கிறேன், அங்கே விசாரிக்க வேண்டாம்' என்று விண்ணப்பத்திலேயே எழுதியிருந்தாள். வேலை தேடுவது குற்றமில்லை. இருந்தாலும் தேடுகிறவள் ஒரு திருடியைப் போலத்தான்—

[இந்த வாக்கியத்தை முடிக்க மனம் வரவில்லை.]

றிஸ்மி என்ற அதிகாரி ஒரு வெள்ளைத் தாளை அவள் பக்கம் தள்ளினார்.

"அங்க நீங்க போடுற கலவைய இதுல எழுதுங்களேன். உங்களுக்கு எவ்வளவு தெரியும்னு பாக்கத்தான்."

ஷாமிளா பேனாவை எடுத்தாள். திரும்ப வைத்தாள்.

"அது முடியாதுங்க சேர். கையெழுத்து வச்சிருக்கேன். வேற எது வேணும்னாலும் கேளுங்க."

அவர் அவளுடைய விண்ணப்பக் கோப்பை மூடினார்.

4

எப்படியோ செய்தி அவளுடைய மனேஜருக்குப் போய்விட்டது. [முதல் பிரதியில் றிஸ்மிதான் காட்டிக்கொடுத்தார் என்று எழுதியிருந்தேன். அது ஷாமிளாவுக்கே தெரியாது. வெட்டிவிட்டேன்.] கம்பனி இரகசியத்தை எடுத்துச் சென்றீர்களா என்று கடிதம் கேட்டது. வேலைநீக்கம், வழக்கு என்ற சொற்களும் அதில் இருந்தன.

இரண்டு பந்தி எழுதினேன். மூன்றாவது: 'கலவை பற்றிய எதுவும் என்னிடம்—'

"நிப்பாட்டுங்க அக்கா."

போனை என் முன்னால் வைத்தாள். கலவைத் தாளின் படம்.

"மெஷின் கிட்ட தாள் நனைஞ்சிருதுன்னு எடுத்தது. யாருக்கும் அனுப்பல."

"அழிச்சிரு. யாருக்குத் தெரியப் போகுது?"

"போன வாங்கிப் பாத்தா? அழிச்சது தெரிஞ்சா திருடினேன்னுதானே சொல்லுவாங்க?" போனை இன்னும் என் பக்கம் நகர்த்தினாள். "இருக்குன்னே எழுதுங்க. ஏன் எடுத்தேன்னும் எழுதுங்க."

"லயத்து வீடும் போயிரும் ஷாமிளா."

"தெரியும். அம்மாகிட்ட சொல்லிட்டேன். எழுதுங்க."

எழுதினேன். என் எழுத்து அவ்வளவு கோணலாக ஒருநாளும் வந்ததில்லை.

5

இன்று காலை பத்து மணிக்கு அழைத்தாள்.

"மனேஜர் மாத்தயா கடிதத்த வாங்கிட்டாரு அக்கா. வெளியில நிக்கச் சொன்னாரு. யாருக்கோ போன்ல வாசிச்சுக் காட்டுறாரு."

"எதுவரைக்கும் வாசிச்சிட்டாரு?"

"மூணாவது பந்தி." வைத்துவிட்டாள்.

இரண்டு முடிவுகள் எழுதி வைத்திருந்தேன். ஒன்றில் மனேஜர் அவளை உட்காரச் சொல்கிறார். மற்றதில் கருப்பாயி லயத்தில் சாமான் கட்டுகிறார். இரண்டையும் அடித்துவிட்டேன். அவள் கதவுக்கு வெளியில் நிற்கும்போது, அவளை முந்திக்கொண்டு நான் உள்ளே போவது சரியில்லை.

நீங்கள் போவதானால் போங்கள்.